பெரிய தொகையைக் கார்டில் கட்டி மைல் சேர்ப்பது எப்படி? சிங்கப்பூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

ஏப்ரல் கடைசியிலிருந்தே வருமான வரி அறிவிப்புகள் வரத் தொடங்கிவிடும். சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்கான மின்னடையாளம்) வழியாக உள்ளே போய்த் தொகையைப் பார்த்தவுடன், வேலைக்கு வந்து ஒன்றிரண்டு ஆண்டே ஆன தம்பி தங்கைகள் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணே, இதக் கார்டுல கட்டினா மைல் கிடைக்குமாமே, ஊருக்குச் சும்மா போயிட்டு வரலாமாமே?"

மைல் கிடைக்கும். (கடன்பற்று அட்டையில், அதாவது கிரெடிட் கார்டில் செலவழிப்பதற்கு வங்கி தரும் புள்ளியை விமான நிறுவனத்தின் மைலாக மாற்றி, அதைக் கொடுத்து டிக்கெட் எடுக்கலாம்.) ஆனால் சும்மா கிடைக்காது. வரி, வீட்டு வாடகை, வீட்டுச் சீரமைப்பு, நகை போன்ற பெரிய தொகைகளைக் கார்டில் கட்டும்போது நாம் மைலைப் பரிசாகப் பெறுவதில்லை, காசு கொடுத்து வாங்குகிறோம். அதனால் கேட்க வேண்டிய கேள்வி, ஒரு மைலை எத்தனை காசுக்கு வாங்குகிறோம் என்பதுதான். (இங்கே டாலரை வெள்ளி என்றும் சென்ட்டைக் காசு என்றும் சொல்வோம். வெளியூர் வாசகர்களுக்காக இந்தக் குறிப்பு.)

எனக்கு இது புரிவதற்குள் பணம் போய்விட்டது. முதல் முறை 3,400 வெள்ளி வரியைக் கார்டில் கட்டினேன். இடைத்தரகு சேவைக்கு 2.6 விழுக்காடு, அதாவது 88 வெள்ளி 40 காசு கட்டணம். அடுத்த மாத அறிக்கையைத் திறந்து பார்த்தால் புள்ளி பூஜ்யம். நான் வைத்திருந்த கார்டின் விதிமுறையில், அந்தச் சேவைவழி கட்டும் தொகைக்குப் புள்ளி கிடையாது என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தது. நான் படிக்கவில்லை. அதை நீங்களும் அனுபவித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: கணக்கு

உள்நாட்டு வருவாய் ஆணையம் வருமான வரிக்குக் கடன்பற்று அட்டையை நேரடியாக ஏற்பதில்லை. வாடகை வாங்கும் வீட்டு உரிமையாளரும் கார்டில் பணம் ஏற்பதில்லை. அதனால் நடுவில் ஒரு சேவை வருகிறது. கார்டப், ஐபேமை போன்ற நிறுவனங்கள் உங்கள் கார்டிலிருந்து பணம் எடுத்து, ஆணையத்துக்கோ வீட்டு உரிமையாளருக்கோ வங்கி வழியாக அனுப்பிவிடும். சிட்டி வங்கியின் பேஆல் போல, வங்கிகளே நடத்தும் சேவைகளும் உண்டு. அனைவரும் கட்டணம் வாங்குவார்கள். அந்தக் கட்டணம்தான் நீங்கள் மைலுக்குக் கொடுக்கும் விலை.

எல்லாச் செலவுக்கும் பொதுவான மைல் கார்டுகள் இங்கே பெரும்பாலும் ஒரு வெள்ளிக்கு 1.2 முதல் 1.4 மைல் தருகின்றன. 8,000 வெள்ளி வரி, 2.6 விழுக்காடு கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 208 வெள்ளி. கார்டில் ஏறுவது 8,208. வெள்ளிக்கு 1.4 மைல் என்றால் 11,491 மைல். 208 வெள்ளியை 11,491-ஆல் வகுத்தால் ஒரு மைல் 1.81 காசு. அதே தொகையை 1.2 மைல் தரும் கார்டில் கட்டினால் 2.11 காசு.

இனி அதே வரியை, கட்டணம் 1.75 விழுக்காடாக இருக்கும்போது கட்டிப் பாருங்கள். வரிப் பருவத்தில் சலுகைக் குறியீடு போட்டால் கட்டணம் 2 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவதுண்டு. கட்டணம் 140 வெள்ளி, கார்டில் ஏறுவது 8,140, மைல் 11,396. ஒரு மைல் 1.23 காசு. கட்டணத்தில் ஒரு விழுக்காடுகூட வித்தியாசம் இல்லை, ஆனால் மைலின் விலை மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. விளம்பரத்தில் வரும் "11,000 மைல்" என்ற எண்ணைப் பார்க்காதீர்கள், இந்தக் காசுக் கணக்கைப் பாருங்கள்.

கட்டணத்துக்கும் சேர்த்து மைல் விழுமா என்பது சேவைக்குச் சேவை மாறும். மேலே விழும் என்று வைத்துப் போட்டிருக்கிறேன். விழாவிட்டால் கணக்கு கொஞ்சம் மோசமாகும்.

இரண்டாம் படி: உங்கள் மைல் எத்தனை காசு பெறும்?

1.23 காசு மலிவா, விலை அதிகமா என்பது மைலை நீங்கள் எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கணக்குக்காக ஒரு டிக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: காசு கொடுத்தால் 420 வெள்ளி, மைலில் 20,000 மைலும் 100 வெள்ளி வரியும். 420-இல் 100-ஐக் கழித்தால் 320. அதை 20,000-ஆல் வகுத்தால் ஒரு மைல் 1.6 காசு பெறுகிறது. 1.23-க்கு வாங்கி 1.6-க்குச் செலவழித்தால் லாபம். 1.81-க்கு வாங்கினால் நட்டம்.

மைல் டிக்கெட் என்றால் ஒன்றும் கட்ட வேண்டாம் என்று பலர் நினைக்கிறார்கள். விமான நிலைய வரிகளைக் கட்டியே ஆக வேண்டும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2017 மார்ச்சில் தன் மைல் டிக்கெட்டுகளுக்கு எரிபொருள் கூடுதல் கட்டணத்தை எடுத்துவிட்டது. மற்ற விமான நிறுவனத்தின் இருக்கையை எடுக்கும்போது அந்தக் கட்டணம் வரலாம், அதனால் கடைசித் திரையில் மொத்தத் தொகையைப் பார்த்த பிறகே உறுதி செய்யுங்கள்.

சென்னை போகிறவர்களுக்கும் திருச்சி, கோவை போகிறவர்களுக்கும் கணக்கு ஒன்றல்ல. சென்னைக்கு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் பறக்கிறது, திருச்சிக்கும் கோவைக்கும் அதன் மலிவு விமான நிறுவனமான ஸ்கூட். ஸ்கூட் டிக்கெட்டுக்கும் கிரிஸ்ஃபிளையர் (சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டம்) மைலைப் பயன்படுத்தலாம். ஆனால் அங்கே காசு விலையே குறைவு என்பதால் மைலுக்குக் கிடைக்கும் மதிப்பும் பெரும்பாலும் குறைவு. திருச்சிக்கு மட்டும் போய்வரும் குடும்பத்திடம் நான் இதைச் சொல்லிவிடுவேன்: கட்டணம் கட்டி மைல் வாங்க வேண்டாம். பணத்தைத் திரும்பத் தரும் கார்டு ஒன்றை வைத்துக்கொண்டு, டிக்கெட்டை மலிவாக இருக்கும்போது வாங்குங்கள்.

மூன்றாம் படி: புள்ளி தராத செலவுகள்

ஒவ்வொரு வணிகருக்கும் கார்டு வலையமைப்பில் நான்கு இலக்க வகைக் குறியீடு உண்டு. வங்கி அதைப் பார்த்துத்தான் புள்ளி தருவதா இல்லையா என்று முடிவு செய்கிறது. காப்புறுதி 6300, மருத்துவமனை 8062, மின்சாரம் தண்ணீர் 4900, வரி 9311, பள்ளி 8211, பல்கலைக்கழகம் 8220. இவற்றில் பல, சிங்கப்பூர் வங்கிகளின் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. காப்புறுதி நிறுவனம் கார்டை வாங்கிக்கொள்ளும், பணம் போய்விடும், மைல் மட்டும் வராது.

இணையத்தில் வாங்கினால் வெள்ளிக்கு 4 மைல் என்று சொல்லும் கார்டுகள் பெரிய தொகைக்கு உதவாது. மாதம் 1,000 வெள்ளி போல ஓர் உச்சவரம்பு இருக்கும். அதற்கு மேல் விழுவது வெள்ளிக்கு 0.4 மைல்தான். 8,000 வெள்ளியை அதில் போட்டால் முதல் ஆயிரத்துக்கு 4,000 மைல், மீதி ஏழாயிரத்துக்கு 2,800. பொதுக் கார்டில் போட்டிருந்தால் 11,000-ஐத் தாண்டியிருக்கும்.

வட்டியில்லாத் தவணையும் அப்படித்தான். புது பிடிஓ வீட்டுக்கு (முன்பதிவு செய்து வாங்கும் அரசு அடுக்குமாடி வீடு) சாவி வாங்கியவுடன் சோஃபா, குளிர்சாதனம், அலமாரி என்று ஒரே கடையில் 9,000 வெள்ளிக்கு வாங்கி, "12 மாதம் வட்டியில்லை" என்று கையெழுத்துப் போடுவோம். பெரும்பாலான வங்கிகள் தவணைத் திட்டத்துக்குப் புள்ளி தருவதில்லை. தவணை தேவை என்றால் தாராளமாக எடுங்கள், குடும்பத்துக்கு அது உண்மையான உதவி. மைலும் வரும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான்: வங்கியின் இணையத்தளத்தில் உங்கள் கார்டின் புள்ளி விதிமுறையைத் திறந்து, நீங்கள் பயன்படுத்தப் போகும் சேவையின் பெயரைத் தேடுங்கள். விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்து, அன்றைய தேதியோடு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. நண்பருக்குப் போன ஆண்டு வந்தது என்பது உங்களுக்கு இந்த ஆண்டு வரும் என்பதற்கு ஆதாரம் ஆகாது.

நான்காம் படி: கட்டணம் என்ற பெயரில் வராத கட்டணங்கள்

சிராங்கூன் சாலையில் ஒரு நகைக்கடை. தங்கைக்குத் தாலிச் சங்கிலி எடுக்க அக்காவோடு போயிருந்தேன். செய்கூலி எல்லாம் சேர்த்து 6,000 வெள்ளி வந்தது. அக்கா கார்டை எடுத்தார்.

"கார்டுன்னா ரெண்டரை பெர்சன்ட் மேல வரும்மா," என்றார் கடைக்காரர்.

அக்கா கார்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, பேநவ் என்ற உடனடி வங்கிப் பணமாற்றத்தைக் கேட்டார். "பேநவ்ல குடுத்தா செய்கூலியில ஏதாவது கொறைப்பீங்களாண்ணே?" என்றார்.

அவர் கால்குலேட்டரைத் தட்டினார். "அறுபது வெள்ளி கொறச்சுக்கிறேன்."

நான் கைப்பேசியில் போட்டுப் பார்த்தேன். கார்டில் கட்டினால் 150 வெள்ளி கூடுதல், மைல் 8,610, ஒரு மைல் 1.74 காசு. ஆனால் அது முழுக் கணக்கு இல்லை. கார்டைக் கொடுத்தால் அந்த 60 வெள்ளிக் கழிவும் போய்விடும். அதையும் சேர்த்தால் 210 வெள்ளி, ஒரு மைல் 2.44 காசு. அக்கா பேநவ்வில் கட்டினார். மிச்சமான காசில் மாப்பிள்ளை வீட்டுக்குப் பட்டு வேட்டி எடுத்தோம்.

ரொக்கத்துக்குக் கிடைக்கும் கழிவை விட்டுக்கொடுப்பதும் ஒரு கட்டணம்தான், ரசீதில் மட்டும் அதைக் காட்டமாட்டார்கள். இப்படி ஒளிந்திருக்கும் இடங்கள் இன்னும் சில உண்டு.

வங்கிப் புள்ளியை கிரிஸ்ஃபிளையருக்கு மாற்றும்போது ஒரு கட்டணம், பல வங்கிகளில் ஒரு முறைக்கு 27.25 வெள்ளி. மேலே 1.23 காசு என்று கணக்குப் போட்ட அந்த 11,396 மைலை மட்டும் மாற்றப் போனால், இந்த ஒரு கட்டணமே மைலுக்கு 0.24 காசைக் கூட்டி 1.47 ஆக்கிவிடும். அதோடு பெரும்பாலும் 10,000 மைல் கட்டுகளாகத்தான் மாற்ற முடியும், மீதி 1,396 வங்கியிலேயே கிடக்கும். ஆகவே அவசரப்படாமல் சேர்த்து, ஒரே முறையில் மாற்றுங்கள். 40,000 மைலாகச் சேர்த்து மாற்றினால் இதே கட்டணம் மைலுக்கு 0.07 காசாகக் கரைந்துவிடும்.

காலாவதியும் இதில் வரும். கிரிஸ்ஃபிளையர் மைல் கணக்கில் விழுந்து மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும். சில வங்கிகளின் புள்ளிக்குக் காலாவதி இல்லை, சிலவற்றுக்கு இரண்டே ஆண்டு. காலாவதி இல்லாத புள்ளி என்றால் வங்கியிலேயே இருக்கட்டும். பயணம் உறுதியானதும் மாற்றினால் போதும். ஒருமுறை மாற்றிவிட்டால் திரும்ப வங்கிக்கு வராது.

ஆண்டுக் கட்டணத்தைக் கவனியுங்கள். பொதுவான மைல் கார்டுகள் சிலவற்றில் 196.20 வெள்ளி, கட்டினால் 10,000 மைல் தருவார்கள். அது ஒரு மைல் 1.96 காசு. எனக்கு அது கட்டுப்படியாவதில்லை, தொலைபேசியில் அழைத்துத் தள்ளுபடி கேட்பேன். முதல் ஆண்டு பெரும்பாலும் இலவசம் என்பதால் இரண்டாம் ஆண்டு அறிக்கையில் சத்தமில்லாமல் வந்து உட்காரும்.

ஊரில் கட்டும் பெரிய தொகைகளும் உண்டு. சென்னையில் கல்யாணத்துக்கு அறைகள் எடுத்து, ஹோட்டல் பில்லை இங்கத்தைய கார்டில் கட்டுவோம். இயந்திரம் கேட்கும்: ரூபாயா, சிங்கப்பூர் வெள்ளியா? ரூபாயை அழுத்துங்கள். வெள்ளியை அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த இயந்திரத்தின் நிறுவனம் தன் லாபத்தோடு போடும், உங்கள் வங்கியும் பெரும்பாலும் 1 விழுக்காடு எடுக்கும், வெளிநாட்டுச் செலவுக்கான கூடுதல் மைலும் கிடைக்காது. ரூபாயில் கட்டினாலும் பெரும்பாலான வங்கிகள் 3.25 விழுக்காடு வெளிநாட்டு நாணயக் கட்டணம் வாங்குகின்றன. வெளிநாட்டுச் செலவுக்கு வெள்ளிக்கு 2.2 மைல் தரும் கார்டு என்றால் மைல் ஏறக்குறைய 1.48 காசு. வரவேற்பறையில் இருப்பவர் உங்களைக் கேட்காமலே வெள்ளியை அழுத்திவிடுவதும் உண்டு. கையெழுத்துப் போடுமுன் ரசீதில் எந்த நாணயம் இருக்கிறது என்று பாருங்கள். வெள்ளி என்றிருந்தால் ரத்து செய்து மறுபடி போடச் சொல்வதற்குத் தயங்க வேண்டாம், அது உங்கள் உரிமை.

எல்லாவற்றையும் விடப் பெரியது வட்டி. இங்கே கார்டு வட்டி ஆண்டுக்கு 27 விழுக்காட்டுக்கு மேல். 8,000 வெள்ளியை ஒரே ஒரு மாதம் முழுதாகக் கட்டாமல் விட்டால் வட்டி மட்டும் 180 வெள்ளியைத் தொடும், அதற்கு மேல் தாமதக் கட்டணம் 100 வெள்ளி வரை. மைலில் சம்பாதித்தது அனைத்தும் அதிலேயே போய்விடும். கார்டு அறிக்கை வரும்போது முழுத் தொகையும் வங்கிக் கணக்கில் தயாராக இருக்கும் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், தயவுசெய்து இதில் இறங்காதீர்கள். வருமான வரியை ஜைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் முறை) மூலம் 12 மாதத் தவணையில் வட்டியே இல்லாமல் கட்ட ஆணையம் அனுமதிக்கிறது. புதிதாக வந்து, ஊருக்கும் பணம் அனுப்பிக்கொண்டு, கையிருப்பு குறைவாக இருக்கும் ஒருவருக்கு எந்த மைலையும் விட அதுதான் நல்லது.

ஐந்தாம் படி: கட்டுவது

கணக்குப் பார்த்தாயிற்று, மைல் உங்களுக்குக் கட்டுப்படியாகிறது என்றால், கட்டும் முறை எளிது.

சேவையின் பெயரை சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் நிதி நிறுவனப் பட்டியலில் தேடி, உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கைத் திறந்து, வரி அறிவிப்பையோ வாடகை ஒப்பந்தத்தையோ பதிவேற்றுங்கள். வாடகை என்று சொல்லித் தன் கணக்குக்கே பணம் அனுப்பிக்கொள்ளும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது விதிமீறல், கணக்கை மூடிவிடுவார்கள், வங்கி புள்ளியையும் பறிக்கலாம்.

வருமான வரிக்கு உங்கள் அடையாள அட்டை எண்தான் வரிக் குறிப்பெண், வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கு ஃபின் எண் (வெளிநாட்டவர் அடையாள எண்). அந்த எண்ணை ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். எண் தவறினால் பணம் சரியான இடத்துக்குப் போய்ச் சேராமல் போகலாம், மீட்க நாளாகலாம்.

கார்டிலிருந்து பணம் எடுக்கும் நாளும், அது போய்ச் சேரும் நாளும் வேறு வேறு. நடுவில் சில வேலை நாள்கள் ஓடும். வரிக்கான கெடு, அறிவிப்புத் தேதியிலிருந்து ஒரு மாதம். தாண்டினால் 5 விழுக்காடு அபராதம். கடைசி வாரத்தில் தொடங்காதீர்கள். கார்டின் மாதக் கணக்கு முடியும் தேதிக்கு மறுநாள் பணம் எடுக்கும்படி தேதியைத் தேர்ந்தெடுத்தால், திருப்பிக் கட்ட ஏழு வாரம் வரை அவகாசம் கிடைக்கும்.

சலுகைக் குறியீட்டைப் போட்ட பிறகு கட்டணம் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்று கடைசித் திரையில் பாருங்கள். விசா கார்டுக்கு மட்டும், புதுப் பயனருக்கு மட்டும், குறிப்பிட்ட தேதிக்குள் மட்டும் என்று நிபந்தனைகள் இருக்கும். பொருந்தாவிட்டால் வழக்கமான விகிதமே நிற்கும். கார்டு வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். போதாவிட்டால் தற்காலிக உயர்வு கேட்கலாம். வரம்பைத் தாண்டி ஏறினால் அதற்கும் தனிக் கட்டணம்.

புதுக் கார்டின் வரவேற்பு மைலுக்காகப் பெரிய தொகையைப் போட நினைப்பவர்கள், அதற்கு வங்கி கேட்கும் குறைந்தபட்சச் செலவில் இத்தகைய சேவைகள் சேருமா என்று முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கட்டிய பிறகு

இரண்டு வாரம் கழித்துப் புள்ளிக் கணக்கைத் திறந்து பாருங்கள். எதிர்பார்த்த எண்ணிக்கை விழவில்லை என்றால், ரசீது, விதிமுறைப் பக்கத்தின் படம், அறிக்கை மூன்றையும் வைத்து வங்கிக்கு எழுதுங்கள். விதிமுறைப் படம் இருந்ததால் இரண்டாம் ஆண்டு எனக்கு விடுபட்ட புள்ளி வந்து சேர்ந்தது. முதல் ஆண்டு என்னிடம் அது இல்லை.

மைலை கிரிஸ்ஃபிளையருக்கு மாற்றுவதற்கு முன்பே, யாருக்கு டிக்கெட் எடுக்கப் போகிறீர்கள் என்பதைப் பதிவு செய்துவிடுங்கள். உங்களைத் தவிர ஐந்து பேரைச் சேர்க்கலாம். இங்கேதான் நம் ஊர்ப் பெயர்கள் சிக்கல் தரும். அம்மாவின் இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் வெறுமையாக இருக்கலாம், அப்பாவின் பெயர் தலைப்பெழுத்தாகவோ விரிவாகவோ இருக்கலாம். வீட்டில் அழைக்கும் பெயரையோ ஆதாரில் இருக்கும் பெயரையோ பலர் போட்டுவிட்டு, டிக்கெட் எடுக்கும் நாளில் மாற்ற முடியாமல் தவிப்பார்கள். கடவுச்சீட்டின் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கி, எழுத்துக்கு எழுத்து அதைப் பார்த்தே நிரப்புங்கள்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இருக்கைகளைப் பயணத்துக்கு 355 நாள் முன்பே திறக்கிறது. குறைந்த மைல் இருக்கைகள் சிலவே இருக்கும். தீபாவளி, டிசம்பர்ப் பள்ளி விடுமுறை, பொங்கல் நாள்களில் அவை முதலில் போய்விடும். அம்மாவைப் பொங்கல் முடிந்து இங்கே அழைத்துவர நினைப்பவர்கள், முந்தைய பிப்ரவரியிலேயே தேடத் தொடங்குங்கள். இருக்கை கண்ணில் பட்ட பிறகு புள்ளியை மாற்றினால் போதும். மாற்றம் முடியச் சில நாள்கள் ஆகலாம் என்பதால், அந்தத் தேதியோடு பக்கத்துத் தேதி ஒன்றையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.